குழாய்க்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம்

பெரியம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதில் பண்டிகை நாள்களை விடத் தண்ணீர் வந்த நாள்களுக்குத்தான் பேனாவால் வட்டம் போட்டிருப்பார். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே எட்டு நாள், ஒன்பது நாள் இருக்கும். கோடையில் அது பன்னிரண்டு நாளாகும். விடியற்காலையில் தெருவில் யாராவது "தண்ணி விட்டுட்டாங்க" என்று குரல் கொடுத்தால் வீடே எழுந்துகொள்ளும். முதலில் வரும் பழுப்பு நீரைப் பிடித்து வாசலில் ஊற்றிவிட்டு, நிறம் தெளிந்த பிறகுதான் பெரியம்மா குடம் வைப்பார்.

அந்தப் பழுப்பு நிறத்தின் காரணத்தை அவர் யாரிடமும் கேட்டதில்லை. நாள் கணக்கில் காலியாகக் கிடக்கும் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசலும் தளர்ந்த மூட்டும் உள்ள இடங்களில், பக்கத்துச் சாக்கடையின் கசிவு உள்ளே இறங்கிவிடும். அடுத்த முறை வால்வு திறக்கும்போது முதலில் நம் வீட்டுக்கு வந்து சேர்வது அதுதான். குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைய முடியாது. 24 மணி நேரக் குடிநீர் என்ற பேச்சின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வசதி, சம்ப் கட்டும் செலவு, மோட்டார் கரண்ட் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து தருகிறோம் என்று ஒரு தனியார் நிறுவனம் முன்வந்து, நகராட்சியோ மாநகராட்சியோ அதனுடன் இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடும்போது என்ன நடக்கிறது? ஸ்மார்ட் சிட்டி பற்றிப் பேசும்போது கேமராக்களையும் டிஜிட்டல் பலகைகளையும் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றை ஐந்து வருடத்தில் கழற்றி மாற்றிவிடலாம். கையெழுத்தான ஒப்பந்தத்தை அப்படி மாற்ற முடியாது. நகரத்தின் விதியை அதிகம் தீர்மானிப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

கோவையை எடுத்துக்கொள்வோம். 2018-இன் தொடக்கத்தில் கோவை மாநகராட்சி, பிரெஞ்சு நிறுவனமான சூயஸிடம் பழைய நகரப் பகுதியின் 60 வார்டுகளுக்குக் குடிநீர் விநியோகத்தை ஒப்படைத்தது. ஒப்பந்தக் காலம் 26 ஆண்டுகள். மொத்த மதிப்பு 3,000 கோடி ரூபாய்க்கும் மேல். முதல் ஓராண்டு ஆய்வு, அடுத்த நான்கு ஆண்டுகள் புதிய குழாய், தொட்டி, மீட்டர் பதிக்கும் வேலை, மீதி 21 ஆண்டுகள் இயக்கமும் பராமரிப்பும். சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வரும் நீர் நிறுவனத்துக்குச் சொந்தமாகாது, கட்டணத்தை நிர்ணயிப்பது மாநகராட்சியே, நிறுவனத்துக்கு அதன் பணிக்கான தொகை மட்டும் தரப்படும் என்று எதிர்ப்பு கிளம்பியபோது மாநகராட்சி விளக்கம் சொன்னது.

சிறுவாணித் தண்ணீர் கோவைக்காரர்களுக்கு வெறும் தண்ணீர் மாத்திரமில்லை. அதன் ருசியைப் பற்றி வெளியூர்க்காரரிடம் பெருமை பேசாத கோவைக்காரரை நான் பார்த்ததில்லை. அதனால் "தண்ணிய வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டாங்க" என்ற பேச்சு தீயாகப் பரவியதில் வியப்பில்லை. விற்றுவிட்டார்கள் என்பது சட்டப்படி சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் நியாயமான ஒரு கேள்வி இருந்தது: எங்களைக் கேட்டீர்களா?

கேட்பதற்கு அப்போது மாமன்றமே இல்லை. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். மேயரும் கவுன்சிலரும் இல்லாத காலத்தில், இனி வரப்போகும் ஐந்து மாமன்றங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிகாரிகள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்டுக்காரர் ஒருவர் தன் கவுன்சிலரின் கதவைத் தட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் வழி அன்று அடைபட்டிருந்தது. திட்டம் நாளை எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்தக் குறை நேராகாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் சூயஸின் தாய் நிறுவனத்தையே அதன் போட்டியாளரான வியோலியா வாங்கியது. ஒரு பகுதி மட்டும் தனியே பிரிந்து, முதலீட்டாளர்கள் கூட்டமைப்பு ஒன்றின் கைக்குப் போய், புதிய சூயஸாகத் தொடர்ந்தது. இந்தியத் தொழில் அந்தப் பகுதியில் இருக்கிறது. ஒப்பந்தம் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குள் எதிர்த்தரப்பின் உரிமையாளர் மாறிவிட்டார். 26 ஆண்டுகள் என்பது அவ்வளவு நீளம். பங்கு கைமாறும்போது மாநகராட்சியின் ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பது, எத்தனை கிலோமீட்டர் குழாய் என்பதற்கு இணையாக முக்கியமானது.

நகரங்கள் ஏன் இந்த வழிக்கு வருகின்றன என்பதற்குப் பெரிய மர்மம் ஏதுமில்லை. கையில் காசில்லை. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை இவற்றைக் கூட்டினாலும் சம்பளமும் ஓய்வூதியமும் போக மிஞ்சுவது சொற்பம். 2015 ஜூன் 25-இல் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி மிஷனைத் தொடங்கியபோது 100 நகரங்களுக்கு 48,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நகரத்துக்குச் சராசரியாக 500 கோடி. மாநிலமும் நகரமும் அதே அளவு போட வேண்டும். ஆனால் நகரங்கள் அனுப்பிய திட்டங்களின் கூட்டுத்தொகை 2 லட்சம் கோடியைத் தாண்டியது. இந்த மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, சுமார் 41,000 கோடியை, பொது-தனியார் கூட்டில் திரட்டுவதாகக் காகிதத்தில் எழுதினார்கள். நடந்தது அதற்கு வெகு தூரத்தில் நின்றுவிட்டது. நிலையான வருமானம் தெரியாத இடத்தில் தனியார் பணம் தானாக வந்து விழாது.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம், வேலூர், திருப்பூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, ஈரோடு என 11 நகரங்கள் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றில் மக்கள் கண்ணால் கண்டு மகிழ்ந்த வேலைகள், கோவையின் உக்கடம் பெரியகுளக் கரையோ சென்னை பாண்டி பஜார் நடைபாதையோ, பெரும்பாலும் அரசுப் பணத்தில் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்தவை. அது கூட்டு ஆகாது. கட்டி முடித்தார், பில் வாங்கினார், போனார். கூட்டு என்றால் தனியார் தன் பணத்தையோ, குறைந்தது நீண்டகாலப் பொறுப்பையோ உள்ளே வைக்க வேண்டும். நட்டம் வந்தால் அதில் ஒரு பங்கைத் தன் தோளில் ஏற்க வேண்டும்.

மிஷன் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு சிறப்பு நோக்க நிறுவனம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தனிக் கம்பெனி, அதில் மாநில அரசும் உள்ளாட்சியும் சரிபாதி பங்குதாரர்கள். இவ்விருவருக்கும் பெரும்பான்மை இருக்கும்வரை தனியாரும் பங்கு வைக்கலாம். வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் இதற்குச் சொன்ன காரணம், சில இடங்களில் வேகம் வந்ததும் உண்மை. ஆனால் முடிவெடுக்கும் மேசை மாமன்றக் கூடத்திலிருந்து கம்பெனி இயக்குநர் குழு அறைக்குப் போய்விட்டது. மாமன்றக் கூட்டத்தில் பார்வையாளர் மாடம் உண்டு, செய்தியாளர்கள் உட்காருவார்கள், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எழுந்து கத்துவார். இயக்குநர் குழு அறையில் அதெல்லாம் கிடையாது.

இனி திருப்பூர். ஸ்மார்ட் சிட்டி என்ற சொல் இங்கே புழங்கத் தொடங்கும் முன்பே கூட்டின் லாபத்தையும் வலியையும் முழுசாக அனுபவித்த ஊர் அது. பனியன் தொழில் கொழித்த 1990-களில் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. கிணறும் நொய்யல் ஆறும் கெட்டுப்போய், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து லாரியில் வாங்கினார்கள். 1995-இல் மாநில அரசு, உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் ஐ.எல் அண்டு எஃப்.எஸ். நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கின. பவானி ஆற்றில் நீர் எடுத்து, சுத்திகரித்து, சுமார் 55 கிலோமீட்டர் குழாயில் கொண்டுவந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்குவது திட்டம். செலவு 1,000 கோடியைத் தாண்டியது. திட்டத்தை நடத்தும் உரிமைக்காலம் 30 ஆண்டுகள்.

கணக்கு அழகாகப் போட்டிருந்தார்கள். ஆயிரம் லிட்டருக்குத் தொழிற்சாலை 45 ரூபாய் தரும். வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் அதில் ஒரு சிறு பங்குதான் விலை. லாரித் தண்ணீருக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் பட்டறைக்காரருக்கும் நட்டமில்லை. பணக்கார நுகர்வோர் ஏழை நுகர்வோரைத் தாங்கும் இந்த முறையைப் பலரும் மெச்சினார்கள். 2005-06 வாக்கில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

அந்தக் கணக்கு முழுக்க ஒரே தூணில் நின்றது. சாயப்பட்டறைகள் தொடர்ந்து இயங்க வேண்டும், தொடர்ந்து தண்ணீர் வாங்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரேயடியாக மூடின. கழகத்தின் முதன்மை வாடிக்கையாளர்கள் அன்றோடு நின்றுபோனார்கள். கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. பிற்பாடு பட்டறைகள் மெல்லத் திரும்பி வந்தபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தாங்கள் வெளியேற்றிய நீரின் பெரும்பகுதியையே மறுபடி சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. நொய்யலுக்கு அது நல்ல செய்தி. புதுத் தண்ணீர் விற்றுக் கடன் அடைக்க வேண்டிய கழகத்துக்கு அதே செய்தி இன்னொரு அடி. கழகத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஐ.எல் அண்டு எஃப்.எஸ். நிறுவனமே 2018-இல் கடனைத் திருப்பித் தர முடியாமல் சரிந்தது தனிக் கதை.

இங்கே யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. தேவை குறைந்தால் அந்த நட்டம் யாருக்கு என்ற கேள்விக்கு முன்கூட்டியே தெளிவான விடை வேண்டும் என்பதற்குத்தான் திருப்பூரைச் சொல்கிறேன். தனியார் பெரும்பாலும் 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குக் காசு' என்ற உத்தரவாதம் கேட்பார்கள். கடன் தரும் வங்கியும் அதையே கேட்கும். கொடுத்தால் நட்டம் நகராட்சித் தலையில். கொடுக்காவிட்டால் டெண்டருக்கே ஆள் வராது, வந்தாலும் விலையை ஏற்றித்தான் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பிடிக்க நகராட்சிக்குத் தன் ஊரின் கணக்கு அத்துப்படியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலந்தூர் அந்தப் புள்ளியைப் பிடித்தது. அப்போது அது சென்னையை ஒட்டிய நடுத்தர நகராட்சி. 1990-களின் நடுவில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி, மழை வந்தால் தெருவே சாக்கடை. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி, அரசு பணம் தரட்டும் என்று காத்திராமல் தெருத்தெருவாகக் கூட்டம் போட வைத்தார். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை. குழாய் பதிக்கும் முன்பே, ஒரு பள்ளம்கூடத் தோண்டாத நிலையில், ஜனங்கள் இந்தப் பணத்தைக் கட்டினார்கள். அன்றைய 5,000 ரூபாய் சாதாரணக் குடும்பத்துக்குச் சிறு தொகையா? மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்பே பேசி 150 ரூபாய் என்று முடிவு செய்தார்கள்.

சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். வைப்புத்தொகை போக மீதிக்குக் கடனும் மானியமும். குழாய் வலையமைப்பை வழக்கமான ஒப்பந்தமாகவும், சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் சொந்தச் செலவில் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பின் நகராட்சியிடம் ஒப்படைக்கும் முறையிலும் விட்டார்கள். நிலையத்துக்கு வந்து சேரும் கழிவுநீரின் அளவுக்கேற்ப நகராட்சி பணம் கொடுக்கும். குறைந்தபட்ச அளவு உத்தரவாதம் இதிலும் உண்டு. ஆனால் இணைப்புக்குப் பணம் கட்டிய வீடுகளின் பட்டியல் கையில் இருந்ததால் அந்த உத்தரவாதம் குருட்டாம்போக்கில் கொடுத்ததாக இல்லை. எத்தனை வீடு சேரும், எவ்வளவு ஓடும் என்று நகராட்சிக்குத் தெரியும். திருப்பூரில் சில நூறு பட்டறைகளை நம்பி நின்ற கணக்கு, ஆலந்தூரில் பல்லாயிரம் வீடுகளின் மேல் பரவி நின்றது.

ஆலந்தூரைச் சொன்னால் உடனே "அந்தத் தலைவர் மாதிரி ஆள் வேணுமே" என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் இருந்தது என்பது. கட்டணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த தேர்தலில் அதே தெருவில் போய் நிற்க வேண்டியவர்கள் முடிவெடுத்தார்கள். அந்தப் பயம் நல்ல பயம்.

எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. சென்னையில் 2000-ஆம் ஆண்டு முதல் சில மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனது. அப்போது கட்டணம் டன் கணக்கில். எடை மேடையில் லாரி ஏறும், ரசீது வரும், அதற்குப் பணம். டன்னுக்குக் காசு என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து அளவைக் குறைப்பது யாருக்கும் லாபமில்லை. ஈரக் குப்பையும் மண்ணும் கட்டட இடிபாடும் கலந்தால் எடை கூடும், எடை கூடினால் பில் கூடும். எவரும் தவறு செய்யாவிட்டாலும் அந்த முறையின் இழுப்பே அந்தப் பக்கம்தான். 2020-இல் வந்த புதிய ஒப்பந்தங்களில் தெரு சுத்தமாக இருக்கிறதா, பிரித்து வாங்கப்படுகிறதா, புகார் தீர்ந்ததா என்ற செயல்திறன் அளவுகோல்களுக்கு மாறினார்கள். சரியான திசை. ஆனால் தெரு சுத்தமா என்று மதிப்பெண் போடுவது யார்? நிறுவனத்தின் செயலியில் நிறுவனத்தின் ஆளே எடுத்த புகைப்படம் என்றால், பரீட்சை எழுதியவரே தாளைத் திருத்துவது போலாகிவிடும்.

இந்தக் கணக்குகளில் அடிக்கடி விடுபடுபவர்கள் வேலை செய்பவர்கள். 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கையில் வரும் கூலி குறையும், பல ஆண்டுகள் உழைத்தும் நிரந்தர வேலைக்கு இனி வழியில்லை என்பது அவர்கள் முறையீடு. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியார் குறைந்த செலவில் செய்கிறார் என்று சொல்லும்போது, அந்தக் குறைவு நல்ல இயந்திரத்திலிருந்தும் நல்ல மேலாண்மையிலிருந்தும் வருகிறதா, துடைப்பம் பிடித்தவரின் சம்பளத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்காத ஒப்பந்தத்தை என்னால் ஏற்க முடியாது.

உலக அளவில் இந்த விஷயத்தில் எச்சரிக்கைக்கு எடுத்துக்காட்டும் ஊர் சிகாகோ. 2008 டிசம்பரில் அந்த நகரம் தன் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு, மோர்கன் ஸ்டான்லி முன்னின்ற ஒரு கூட்டமைப்புக்குக் குத்தகைக்கு விட்டது. கைக்கு வந்த தொகை சுமார் 115 கோடி டாலர். நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம், பட்ஜெட்டில் துண்டு விழுந்திருந்தது. நகர மன்றம் சில நாள்களுக்குள் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டு நகரத்தின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரி கணக்குப் பார்த்துவிட்டு, குறைந்தது 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். அதைவிட வலிக்கும் பகுதி வேறு. ஊர்வலத்துக்கோ சாலை வேலைக்கோ தெருவை மூடி மீட்டர்களை முடக்கினால், இழந்த வருமானத்தை நகரமே நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். சைக்கிள் பாதை போடுவதற்கும், நடைபாதையை அகலமாக்குவதற்கும் முன் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது. நகரம் விற்றது வருமானத்தை மட்டும் என்று நினைத்தார்கள். தெருவை மாற்றும் சுதந்திரமும் சேர்ந்து போயிருந்தது.

டொரோண்டோவில் இழுபறி தகவலைச் சுற்றி நடந்தது. கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வாக் லேப்ஸ், 2017 அக்டோபரில் ஏரிக்கரையில் 12 ஏக்கரில் ஒரு புதுமாதிரிக் குடியிருப்பை அறிவித்தது. தெருவில் பதிக்கும் உணர்கருவிகள் சேர்க்கும் தகவல் யாருடையது என்ற கேள்விக்கு மக்களுக்கு நிறைவான பதில் கிடைக்கவேயில்லை. 2020 மே மாதம் நிறுவனம் பின்வாங்கியது.

நம் ஊர்களிலும் அந்தக் கேள்வி இருக்கிறது, சத்தமில்லாமல். மிஷனில் சேர்ந்த 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. கொரோனா காலத்தில் பல ஊர்களில் இவையே வார் ரூம் ஆகி, ஆம்புலன்ஸையும் படுக்கையையும் கண்காணித்தன. அந்த உதவியை மறக்கக் கூடாது. ஆனால் மிஷன் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இனி சர்வரும் மென்பொருள் உரிமமும் ஆண்டுப் பராமரிப்பும் மாநகராட்சியின் சொந்தச் செலவு. கேமராவும் குப்பை வண்டியின் ஜி.பி.எஸ்ஸும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் பூட்டிக் கிடந்தால், அடுத்த டெண்டரில் அவர் சொல்வதே விலை. சேர்ந்த தகவல் முழுவதையும் வேறெவரும் படிக்கக்கூடிய வடிவத்தில் மாநகராட்சிக்குத் தர வேண்டும் என்று முதல் நாளே எழுதிக்கொண்ட ஊர் தப்பிக்கும்.

இதையெல்லாம் சாதாரண மனிதர் எங்கே போய்ப் பார்ப்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளையும் முடிவுகளையும் குறித்த விவரங்களை அரசு அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வணிக ரகசியம் என்று மறுக்க 8-ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் அந்த ரகசியத்தையும் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்திருக்கின்றன. அங்கே பெரும்பாலும் தெருவிளக்கும் கொசு மருந்தும்தான் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். கூடவே, நம் தெருவில் மீட்டரைப் படித்துக் கணக்கெடுப்பது யார், அந்தக் கணக்கை மாநகராட்சி தன் ஆளை வைத்துச் சரிபார்க்கிறதா, தண்ணீர் ஒரு நாள் நின்றால் நிறுவனத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். பதில் சொல்ல வேண்டிய உதவிப் பொறியாளர் அடுத்த கூட்டத்துக்குத் தாளோடு வருவார்.

கோவை ஒப்பந்தம் 2044 வாக்கில் முடியும். ஒப்பந்தம் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 26 வயது. குழாய்களும் தொட்டிகளும் மீட்டர்களும் அன்றைக்கு மாநகராட்சியிடம் திரும்பி வரும். அவை என்ன நிலையில் வர வேண்டும், கசிவு எத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் பராமரிப்புச் செலவைக் குறைத்துவிட்டுப் போனால் என்ன அபராதம், அந்த வலையமைப்பை அன்று நடத்தத் தெரிந்த பொறியாளர்கள் மாநகராட்சியில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? ஒப்படைப்புப் பற்றிய பக்கங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கடைசியில்தான் வரும். நான் ஒப்பந்தம் எதையாவது கையில் வாங்கினால் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.